ஜெபக்கூட்டத்தில் வந்த தீர்க்கதரிசனம்

குடும்பக் குழு: உடுவில் வீட்டார்

சின்னம்மா: எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ஒரு விசயம் கேட்க வேண்டும், ஒருவரும் சிரிக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் பாஸ்ரர் என்னை முன்னுக்குக் கூப்பிட்டார். மகளுக்குப் பேசின கலியாணம் கர்த்தருடைய சித்தம் இல்லையாம், நிறுத்தச் சொல்லி வெளிப்பாடு வந்ததாம்.

தங்கச்சி: அம்மா!! இதை ஏன் இங்கே போட்டீர்கள் 🤦 மண்டபத்துக்கு முற்பணமும் கட்டியாச்சு.

சின்னம்மா: எங்கள் சபைப் போதகர் ஐயரிடம் ஒருக்கால் கேட்டுப் பார்க்கவா என்றேன். முகம் மாறிவிட்டது. "அபிஷேகம் பெற்றவரைத் தொடாதே" என்று வசனம் சொன்னார். அதிலிருந்து நித்திரை இல்லை.

கனடா மாமா: பிள்ளை, முதலில் அந்த வசனத்தை எடுத்து வாசி. சங்கீதம் 105, பன்னிரண்டிலிருந்து பதினைந்து வரை. அங்கே கடவுள் யாரை அதட்டுகிறார்? ராஜாக்களை. யாருக்காக? ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு. கொஞ்சப் பேராக, பரதேசிகளாக, ஊர் ஊராக அலைந்த சனம். பலமுள்ளவன் எளியவனில் கை வைக்காதே என்று சொன்ன வசனத்தை, மைக் பிடித்தவர் கேள்வி கேட்ட ஒரு தாயின் வாயை மூட எடுக்கிறார்.

அக்கா: ஆனால் மாமா, தன்னைக் கொல்லத் தேடின சவுல் ராஜாவைத் தாவீது தொடவில்லையே? அதையும் சொல்லுவார்கள்.

கனடா மாமா: ஓம், வெட்டவில்லை. ஆனால் 1 சாமுவேல் 24ஐ முழுக்கப் பார். குகையிலிருந்து வெளியே வந்து, சவுலின் அங்கியில் அறுத்தெடுத்த துண்டைக் காட்டி, நீர் செய்வது அநியாயம் என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்கிறான். பிறகு அதே தாவீது ராஜாவாகிப் பாவம் செய்த போது நாத்தான் தீர்க்கதரிசி அவன் முகத்துக்கு நேரே வந்து நின்றான். தாவீது "நான் அபிஷேகம் பெற்றவன்" என்று சொல்லவில்லை. பாவம் செய்தேன் என்றான்.

சின்னம்மா: அண்ணா, அவர் ஜெபித்த பிறகுதான் என்ரை முழங்கால் நோ குறைந்தது. அது பொய்யா?

நான்: பொய் என்று ஒருவரும் சொல்லவில்லை சின்னம்மா. ஆனால் மத்தேயு 7இல் இயேசுவே சொல்கிறார்: உம்முடைய நாமத்தினாலே தீர்க்கதரிசனம் சொன்னோம், அற்புதம் செய்தோம் என்று வருகிற பலரை நான் அறியேன் என்பேன் என்று. அற்புதத்தை அத்தாட்சியாக அவர் எடுக்கவில்லை. கனியைத்தான் பார்க்கச் சொன்னார்.

சில்லாலை அத்தான்: மாமி, எங்கள் ஊர்க் கதை ஒன்று. 1687இல் ஒல்லாந்தர் கத்தோலிக்க மறையைத் தடை செய்திருந்த காலத்தில் கோவாவைச் சேர்ந்த கத்தோலிக்கக் குரு யோசேப் வாஸ் அடிகள் யாழ்ப்பாணம் வந்தார். பிச்சைக்காரர் வேஷம், கழுத்தில் செபமாலை. சில்லாலையில்தான் தங்கினார். அவரை யார் அனுப்பியது, என்ன பட்டம் என்றா சனம் பார்த்தது? பிறகு கண்டியில் 1697இல் பெரியம்மை வந்த போது, வீட்டார் விட்டுவிட்டு ஓடின நோயாளிகளைத் தூக்கிப் பராமரித்தார். 2015இல் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். அந்தப் பட்டம் முன்னூறு வருசத்துக்குப் பிறகுதான் வந்தது.

அக்கா: இவர் கத்தோலிக்கத்துக்கு ஆள் பிடிக்கத் தொடங்கிவிட்டார் 😄

சில்லாலை அத்தான்: இல்லையப்பா. எங்கள் பக்கமும் அங்கி போட்டவர்கள் எல்லாரும் புனிதர் இல்லை. ஆனால் ஃபாதருக்கு மேலே ஆயர் இருக்கிறார். உலகத்துக் கத்தோலிக்க ஆயர்கள் கூடின இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் எழுதி வைத்தது: திருச்சபையின் போதிக்கும் அதிகாரம் இறைவார்த்தைக்கு மேலே இல்லை, அதற்கு ஊழியம் செய்கிறது. இந்தப் பாஸ்ரருக்கு மேலே யார்?

சின்னம்மா: அவருக்கு மேலே ஆண்டவர் மட்டும்தான் என்பார்.

நான்: பவுலுக்கும் ஆண்டவர்தானே மேலே? ஆனாலும் பெரோயா ஊரார் அவர் சொன்னதை வேதத்தில் தினமும் தேடிப் பார்த்தார்கள். அப்போஸ்தலர் 17 அவர்களைக் குறை சொல்லவில்லை, நற்குணசாலிகள் என்கிறது. கொரிந்து சபைக்கு எழுதும்போதும், தீர்க்கதரிசிகள் இரண்டு மூன்று பேர் பேசட்டும், மற்றவர்கள் நிதானிக்கட்டும் என்றார். நிதானிக்க விடாத தீர்க்கதரிசனம் என்ன தீர்க்கதரிசனம்?

கனடா மாமா: ஆதிச் சபையில் திதாக்கே என்று ஒரு சிறு கையேடு இருந்தது. ஊர் ஊராய் வருகிற ஊழியக்காரன் ஒரு நாள், தேவையென்றால் இரண்டு நாள் தங்கலாம்; மூன்றாம் நாளும் தங்கினால் கள்ளத் தீர்க்கதரிசி. ஆவியில் பேசுகிறேன் என்று தனக்குக் காசு கேட்டால் கேட்காதே. இல்லாதவர்களுக்கு என்று கேட்டால் குற்றம் சொல்லாதே. இப்படி அதில் இருக்கிறது. பிள்ளை, காசு ஏதும் கேட்டவரா?

சின்னம்மா: 😶

தங்கச்சி: அம்மா?

சின்னம்மா: கலியாணத்துக்கு வைத்திருக்கிற காசில் ஒரு பங்கை "விதைக்க", அதாவது ஊழியத்துக்குக் காணிக்கையாகக் கொடுக்கச் சொன்னார். இன்னும் கொடுக்கவில்லை.

தங்கச்சி: கலியாணம் வேண்டாமாம், கலியாணக் காசு மட்டும் வேண்டுமாம்.

அக்கா: 😂😂

சின்னம்மா: சரி, சரி. நாளைக்கு ஐயரைப் போய்ப் பார்க்கிறேன். தம்பி, நீயும் வருவாயா? தனியப் போகக் கூச்சமாக இருக்கிறது.

நான்: வாறன் சின்னம்மா. பின்னேரம் நாலு மணிக்கு ஒழுங்கை முகப்பில் நில்லுங்கோ.

தங்கச்சி: நானும் வருகிறேன். என்னுடைய கலியாணம்தானே.