திட்டணும், ஆனா கெட்ட வார்த்தை வேணாம்

டெல்டாக்காரன்: ரெண்டு வயசு புள்ள நாம சொல்றத அப்படியே திருப்பி சொல்லுது. கும்பகோணத்துல ஒரு மினி பஸ்காரன் குறுக்க வந்தப்ப என் வாய்ல வந்தத ராத்திரி மாமியார் முன்னாடி சொல்லி மானம் போச்சு. சாதுவா ஃபாரின் திட்டு ஏதாச்சும் சொல்லுங்கப்பா

மன்னை: ஜெர்மன்ல டும்கோப்ஃப், முட்டாள் தலைன்னு அர்த்தம். பிரெஞ்சுல கோர்னிஷோன், ஊறுகா போடுற குட்டி வெள்ளரிக்கா, அசடுக்கும் அதான் பேரு, எனக்கு ரொம்ப புடிச்சது

ஆரூரான்: சீனத்துல பென்தான், மக்கு முட்டை 😄 மலாய்ல முட்டாளுக்கு சொல்ற போதோ மட்டும் வேணாம், நம்ம பக்கம் பாதி வீட்ல சிங்கப்பூர் ரிட்டர்ன் இருக்காங்க, புரிஞ்சிடும்

தஞ்சை மாமா: ஃபாரின் எதுக்கு தம்பி, நம்ம பேமானியே உருதுலேர்ந்து வந்ததுதான், பே-ஈமான், நேர்மை இல்லாதவன்

டெல்டாக்காரன்: டும்கோப்ஃப் ட்ரை பண்ணேன், புள்ள தும்கூப் தும்கூப்ங்குது, மாமியார் தும்மலான்னு விக்ஸ் எடுத்துட்டு வர்றாங்க