குளக்கட்டில் பின்வரிசை

உடம்பு இடம் கொடுக்காது, நாலடி ஓடினாலே இளைக்கிறது, நிதி சேர்க்கிற ஓட்டத்துக்கு நான் போய் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். யோசிக்காமல் பெயரைக் கொடுங்கள். கிளிநொச்சி இரணைமடுக் குளக்கட்டில் நடந்த 5 கிலோமீற்றர் ஓட்டத்தில் நான் பின்வரிசையில் போனவள். அங்கே கண்டதைச் சொல்கிறேன்.

பொய்க்கால் தேவைப்படுகிறவர்களுக்காக ஊர்ப் பழைய மாணவர்கள் ஒழுங்கு செய்த ஓட்டம் அது. வன்னியில் இந்தத் தேவை, போர் முடிந்த 2009 உடன் முடிந்துபோகவில்லை. ஒரு பொய்க்கால் ஆயுளுக்கும் வராது. சில வருடங்களில் தேய்ந்துவிடும், மாற்ற வேண்டும். வளர்கிற பிள்ளை என்றால் இன்னும் சீக்கிரம். ஓட வந்தவர்களுக்கு ஆளுக்கொரு அட்டை தந்திருந்தார்கள். கனடாவில் இருக்கும் சித்தப்பா, சுவிஸில் இருக்கும் மச்சாள் என்று அவரவர் சொந்தங்கள் ஒரு கிலோமீற்றருக்கு இவ்வளவு தருவதாகச் சொல்ல, அதை அட்டையில் எழுதுவோம். ஓடினாலும் நடந்தாலும் தூரத்தை முடித்தால் காசு வரும். முதலில் வருகிறவருக்கும் கடைசியில் வருகிறவருக்கும் ஒரே கணக்குத்தான்.

விசில் ஊதியதும் பெடியள் பறந்துவிட்டார்கள். பின்னால் மிஞ்சிய எங்கள் கூட்டத்தில் கடைக்கார ஐயா, சேலையைத் தூக்கிச் செருகிய அன்ரிமார், பிள்ளை பெற்று ஒரு வருடமும் ஆகாத தங்கச்சி ஒருத்தி. போகும்போது முதுகைத் தள்ளிய சோளகக் காற்று, திரும்பும்போது முகத்தில் அடித்தது. அந்த இடத்தில்தான் பலருக்கும் மனம் விட்டுப்போனது.

எங்களைக் கரை சேர்த்தது ஓர் அண்ணை. மிதிவெடியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். "தங்கச்சி, கதைச்சுக்கொண்டே ஓடுங்கோ. கதைக்க ஏலாமல் மூச்சு முட்டினால் அது உங்கட வேகமில்லை" என்றார். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று அவரே கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு வந்தார். பாதி வழியில் கட்டின் ஓரத்துக் கல்லில் குந்திப் பொய்க்காலைக் கழற்றினார். உள்ளே போட்டிருந்த துணியுறையைப் பிழிந்தார், வியர்வை சொட்டியது. வெட்டுப்பட்ட இடத்தைத் துவாயால் ஒற்றி, காற்றுப்படக் கொஞ்சநேரம் விட்டு, பொக்கற்றில் இருந்து காய்ந்த உறையொன்றை எடுத்து மாட்டினார். "ஈரத்தோட போட்டால் உரசிப் புண்ணாகும். புண் வந்தால் பிறகு காலைப் போடேலாது" என்றார். அவரிடமும் ஓர் அட்டை இருந்தது. தன் காலுக்காக இல்லை, யாரோ ஒரு பிள்ளையின் காலுக்காக. அதைக் கேட்ட பிறகு எங்களில் ஒருவரும் திரும்பிப் போகிற கதையே எடுக்கவில்லை.

ஒரு குறை மட்டும் சொல்ல வேண்டும். நாங்கள் வந்து சேரும்போது தண்ணீர்ப் போத்தல் முடிந்திருந்தது, பனரையும் அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் அதிகம் தேவைப்படுவது நல்ல வெயிலில் கடைசியாக வருகிறவர்களுக்குத்தானே? இதை ஒழுங்கு செய்கிறவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

*

முல்லைத்தீவிலிருந்து எழுதுகிறேன், அக்கா. ஓடுகிற நாளைவிடப் பழகுகிற நாட்கள்தான் எங்களுக்குப் பாடு. விடியப்புறம் ஒட்டுசுட்டான் வீதியில் யானை நிற்கும் என்று அம்மா விடவில்லை. வெளிச்சம் வந்த பிறகு போனால், "ரீச்சர் எங்க ஓடுறா?" என்று சந்தியில் கேட்பார்கள். கடைசியில் பாடசாலை மைதானத்தில், பிள்ளைகள் வருவதற்கு முன், மூன்று ரீச்சர்மார் சேர்ந்து சுற்றத் தொடங்கினோம். கூட ஆள் இருந்தால் வெட்கமும் இல்லை, சாட்டுச் சொல்லி நிற்கவும் ஏலாது.

எங்களில் ஒருவருக்குச் சீனி வருத்தம். குளிசை எடுக்கிறவர்களுக்கும் ஊசி போடுகிறவர்களுக்கும் ஓடும்போது சீனி இறங்கக்கூடும் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். அதனால் கையில் எப்போதும் ரொபி வைத்திருப்பார். ஒருநாள் கை நடுங்கி வியர்த்துக் கொட்டியபோது உடனே இருத்தி ரொபியைக் கொடுத்தோம், கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டார். வீட்டுக்குப் போனதும் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்துக் கொப்புளம் இருக்கிறதா என்றும் பார்ப்பார். அந்த வருத்தம் உள்ளவர்கள் டொக்டரைக் கேட்டுவிட்டே தொடங்குங்கள். சும்மா செருப்போடு ஓடவே வேண்டாம்.

*

நான் வவுனியா. காசுக்காக நடப்பது எங்கள் பக்கத்துக்குப் புதிது இல்லை. தெல்லிப்பளையில் புற்றுநோய் மருத்துவமனை கட்ட 2011இல் நாட்டின் தென்முனையான தெய்வேந்திரமுனையில் இருந்து வடமுனையான பருத்தித்துறை வரை 27 நாட்கள் நடந்தார்கள். வன்னியை ஊடறுத்து ஏ9 வீதியால்தான் போனார்கள். முழுத் தூரமும் நடந்தவர்கள் கொஞ்சப் பேர்; இடையில் சேர்ந்து முடிந்த அளவு நடந்த சாதாரண சனம் ஏராளம். அந்த மருத்துவமனைக்கு இன்று வன்னியில் இருந்தும் நோயாளர்கள் போய் வருகிறார்கள். ஆகவே பாதித் தூரம்தான் முடியும் என்கிறவர்களும் தாராளமாக வரலாம்.

முதலாவது அக்கா சொன்ன தண்ணீர் விசயத்துக்கு ஒரு வழி இருக்கிறது. கடைசி ஆளுக்குப் பின்னால் தண்ணீர், ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த கரைசல்), கொஞ்சம் தோடம்பழம் இவற்றோடு ஒருவர் சைக்கிளில் வரவேண்டும், அவர் வந்து சேரும்வரை பனரை அவிழ்க்கக் கூடாது. அடுத்த முறை குளக்கட்டில் வைத்தால் சொல்லுங்கள், அந்தச் சைக்கிளை நான் ஓடுகிறேன்.