மால்ட் மில்லுக்கு எந்த மோட்டார்: டிரில்லா, பெல்ட்டா, கியரா?

மெல்பர்ன்_மால்ட்

வணக்கம். மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி, கோதுமை போன்ற தானியம்) உடைக்க என்னிடம் இருப்பது இரண்டு ரோலர் மில், ரோலர் விட்டம் 38 மி.மீ., ரோலர்களுக்கு நடுவே இடைவெளி 1 மி.மீ. வைத்திருக்கிறேன். ஒரு தடவை பீர் காய்ச்ச 6 கிலோ மால்ட் வரை உடைக்கவேண்டும், இப்போது கைப்பிடியால்தான் சுற்றுகிறேன். வெறும் பார்லி என்றால் சமாளித்துவிடலாம், கோதுமை மால்ட் பாதிக்குப் பாதி போட்டால் தோள்பட்டை போய்விடுகிறது. 25 கிலோ மூட்டையாக வாங்கத் தொடங்கிவிட்டதால் இனி இதற்கு ஒரு மோட்டார் வைத்தே ஆகவேண்டும். மனதில் மூன்று வழி இருக்கிறது: டிரில், சிறிய மோட்டாரோடு பெல்ட், கியர் மோட்டார் (வேகத்தைக் குறைக்கும் பல்சக்கரப் பெட்டியோடு சேர்ந்தே வருவது). வீட்டில் கல் உடைந்துபோன டேபிள் டாப் வெட் கிரைண்டர் ஒன்றும் கிடக்கிறது, அதன் மோட்டார் நன்றாகவே ஓடுகிறது, 150 வாட் என்று போட்டிருக்கிறது. அதை மாட்டலாமா? இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்.

கராஜ்_ப்ரூவர்

நண்பரே, மோட்டார் தேடி அலையவே வேண்டாம். வயர் உள்ள டிரில் ஒன்று, 13 மி.மீ. சக், 850 வாட்டுக்குக் குறையாமல், முக்கியமாக வேகம் குறைந்த மாடலாக, அதாவது முழு வேகமே நிமிடத்துக்கு 600 சுற்றுக்குள் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். மில்லின் தண்டு நேராக சக்கில் போய் உட்காரும், கப்ளிங் வேண்டாம், புல்லி வேண்டாம், ஸ்டாண்டு அடிக்கவேண்டாம். 6 கிலோ நாலைந்து நிமிட வேலை. மாதத்துக்கு இரண்டு முறை நாலு நிமிடம் ஓடப்போகிற ஒரு பொருளுக்கு ஒரு முழு மெஷின் கட்டுவது எனக்குப் புரியவில்லை. மற்ற நாட்களில் அதே டிரில் சுவரில் ஓட்டை போடும்.

கோவை_ஃபிட்டர்

கராஜ் ப்ரூவர் சொல்வதில் வேகம் குறைந்த மாடல் என்பது மட்டும் சரி, மற்றது எனக்கு ஒப்புதல் இல்லை. டிரில்லின் உள்ளே இருக்கும் விசிறி ஆர்மேச்சர் தண்டிலேயே இருக்கிறது. நீங்கள் டிரிக்கரைப் பாதி அழுத்தி 200 சுற்றில் ஓட்டும்போது விசிறியும் மூன்றில் ஒரு பங்கு வேகத்தில்தான் சுற்றும், ஆனால் சுமை முழுதாக இருப்பதால் கரண்ட் நிறைய இழுக்கும். சூடு ஏறும், காற்று இல்லை. அப்படித்தான் வைண்டிங் கருகுகிறது. வேகத்தைக் கூட்டி ஓட்டினால் உமி கிழிந்து தூளாகிவிடும். மேஷ் (உடைத்த மால்ட்டை வெந்நீரில் ஊறவைப்பது) முடிந்து வடிக்கும்போது அந்த உமிதான் நமக்கு வடிகட்டி, அது கிழிந்தால் வோர்ட் (வடியும் இனிப்புச் சாறு) இறங்காமல் நின்றுபோகும். அதனால் 150 முதல் 250 சுற்றுக்குள் இருப்பதுதான் இந்த அளவு ரோலருக்கு நல்லது.

இப்போது வெட் கிரைண்டர் மோட்டார். கணக்கு எளிது: 9550 ஐ கிலோவாட்டால் பெருக்கி, சுற்று வேகத்தால் வகுத்தால் நியூட்டன் மீட்டரில் முறுக்குவிசை வரும். 0.15 கிலோவாட், 1350 சுற்று என்றால் 1.06. ஏழுக்கு ஒன்று என்று வேகத்தைக் குறைத்தாலும் 7.4 தான். அதைவிடப் பெரிய சிக்கல், அந்த மாதிரி மோட்டாரில் கண்டென்சர் ஓடும்போதும் லைனிலேயே இருக்கும் வகை, கிளம்பும்போது விசை மிகக் குறைவு. மாவு அரைப்பதற்கு அது போதும், ஏனென்றால் கிரைண்டரை ஓடவிட்டுத்தான் அரிசியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவார்கள். மால்ட் மில் அப்படி இல்லை. ஹாப்பரில் (மால்ட் கொட்டும் மேல் தொட்டியில்) 3 கிலோ இருக்கும்போது நடுவில் நின்றால் மறுபடி நிறைந்த ரோலரோடு கிளம்பவேண்டும். மோட்டார் உறுமிக்கொண்டு அப்படியே நிற்கும். அதை விட்டுவிடுங்கள் தம்பி.

என் ஆலோசனை: ஸ்டார்ட் கண்டென்சர் (கிளம்பும்போது மட்டும் லைனில் இருந்து விசையைக் கூட்டுவது) உள்ள இண்டக்‌ஷன் மோட்டார், பெல்ட், பெரிய புல்லி. அந்த வகை மோட்டார் கிளம்பும்போது தன் சாதாரண விசையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கொடுக்கும். எச்.பி. பார்க்காதீர்கள், நிறைந்த ஹாப்பரோடு கிளம்புமா என்று மட்டும் பாருங்கள்.

டொரண்டோ_சிவம்

கிளம்பும் விசைதான் முக்கியம் என்பதில் உடன்படுகிறேன், ஆனால் அதற்கு பெல்ட் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கணக்கை முழுதாகப் போட்டுப் பாருங்கள். 1425 சுற்று மோட்டாரை 200 க்குக் கொண்டுவர ஏழு மடங்கு குறைக்கவேண்டும். சாதாரண ஏ செக்‌ஷன் பெல்ட்டுக்குச் சின்ன புல்லி 75 மி.மீ. ஆவது இருக்கவேண்டும், அதைவிடச் சின்னதில் பெல்ட் மடங்கி மடங்கி வெடிக்கும், வழுக்கும். அப்படியென்றால் பெரிய புல்லி அரை மீட்டருக்கு மேல் போகும். அதை எந்த மேசையில் வைப்பது? 50 மி.மீ. புல்லி போட்டு 300 மி.மீ. புல்லியைச் சுற்றவைத்தால் ஆறு மடங்குதான் கிடைக்கும், கால் கிலோவாட் மோட்டாருக்கு வெறும் 10 நியூட்டன் மீட்டர், அதிலும் பெல்ட் இழப்பு தனி. இதற்கெல்லாம் மேலே, பெல்ட் மில்லின் தண்டைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டே இருக்கும். பால் பேரிங் இருந்தால் தாங்கும், வெண்கல புஷ் போட்ட மில்லில் அது ஓவலாகத் தேய்ந்து, ரோலர் இடைவெளி ஒரு பக்கம் கூடி ஒரு பக்கம் குறையும்.

நான் வைத்திருப்பது பழைய தொழிற்சாலைச் சாமான் விற்கிற இடத்தில் எடுத்த கியர் மோட்டார், வெளித்தண்டு நிமிடத்துக்கு 180 சுற்று. நேராக ஜா கப்ளிங் (இரண்டு தண்டையும் பல் கோத்து இணைப்பது), நடுவில் ரப்பர் துண்டு. புல்லியும் இல்லை, பெல்ட்டும் இல்லை, பக்கவாட்டு இழுப்பும் இல்லை. இங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்பதால் என்னுடையது உங்களுக்கு ஒத்துவராது, ஆனால் அங்கேயும் கிடைக்கும். நேம்பிளேட்டில் பவுண்டு-அங்குலம் என்று டார்க் போட்டிருந்தால் 8.85 ஆல் வகுத்துக்கொள்ளுங்கள், 150 என்று இருந்தால் 17 நியூட்டன் மீட்டர்.

கோவை_ஃபிட்டர்

அரை மீட்டர் புல்லி யாருக்கும் வேண்டாம். நான் சொல்ல வருவது ஆறு போல் (6-pole, ஆறு காந்த முனை உள்ள) மோட்டார். அது 50 ஹெர்ட்ஸில் 930 சுற்றுக்குப் பக்கத்தில்தான் ஓடும். உள்பக்கம் பல் வெட்டிய குறுகலான வி பெல்ட்டாக எடுத்தால் 60 மி.மீ. புல்லியில் தாராளமாக வளையும், 300 மி.மீ. புல்லியோடு ஐந்து மடங்கு, 186 சுற்று. 0.37 கிலோவாட் எடுத்தால் 3.8 ஐந்து மடங்காகி 19 நியூட்டன் மீட்டர். கொஞ்சம் எடை கூட, தேடித்தான் பிடிக்கவேண்டும், அதை ஒத்துக்கொள்கிறேன்.

சிவம் அண்ணா சொல்லாமல் விட்ட விஷயம் ஒன்று. மால்ட் மூட்டையில் சின்னக் கல் வரும். வயலிலிருந்து வருகிற தானியம், எவ்வளவு சலித்தாலும் ஒன்றிரண்டு தப்பும். ரோலருக்கு நடுவில் கல் சிக்கினால் பெல்ட் வழுக்கி நிற்கும், எல்லாரும் பிழைப்பார்கள். கியர் மோட்டாரில் வழுக்க எதுவும் இல்லை. ஒன்று ரோலரின் பல் போகும், இல்லை கப்ளிங் ரப்பர் பிய்யும், இல்லை கியர் பல் உடையும். பழைய சாமான் கடையில் எடுத்த கியர்பாக்ஸுக்கு மாற்றுப் பல்சக்கரம் எங்கே கிடைக்கும்?

டொரண்டோ_சிவம்

கல் வரும் என்பது உண்மைதான். அதற்குத்தான் தண்டில் பித்தளைச் சாவி (தண்டையும் கப்ளிங்கையும் பூட்டும் சின்னத் துண்டு) போடுகிறோம், சிக்கினால் அது அறுபடும், சில காசில் புதிது போடலாம். அதோடு ஹாப்பரில் ஒரு காந்தம் ஒட்டிவிட்டால் ஆணி, கம்பித் துண்டு போன்றவை கீழே போகாது (கல்லுக்கு அது உதவாது, தெரியும்). ஆனால் பெல்ட் வழுக்கிக் காப்பாற்றும் என்று நம்பினால், கோதுமை மால்ட்டுக்கும் அது வழுக்கும். இறுக்கினால் கல்லுக்கு வழுக்காது, தளர்த்தினால் கோதுமைக்கு வழுக்கும். இரண்டையும் ஒரே இழுப்பில் எப்படிச் சரிசெய்வீர்கள்?

த்ரீஃபேஸ்_குமரன்

இரண்டு பேரும் ஒற்றை ஃபேஸுக்குள்ளேயே நிற்கிறீர்கள். மூன்று ஃபேஸ் மோட்டார் 0.37 கிலோவாட், வார்ம் (திருகுப்பல்) கியர்பாக்ஸ், ஒரு சின்ன வி.எஃப்.டி. (கரண்டின் அதிர்வெண்ணை மாற்றி மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி), இவ்வளவுதான். வீட்டு 230 வோல்ட் ஒற்றை ஃபேஸ் உள்ளே போகும், மூன்று ஃபேஸ் வெளியே வரும், நேம்பிளேட்டில் 230/400 என்று இருந்தால் மோட்டாரை டெல்டாவில் (முக்கோண இணைப்பில்) கட்டவேண்டும். கியர் விகிதம் 7.5 என்றால் 187 சுற்று, வார்ம் இழப்பு போக 16 நியூட்டன் மீட்டர். விகிதம் 10 என்றால் 140 சுற்றில் 20 க்கு மேல். வேகம் குமிழைத் திருப்பினால் மாறும். கல் சிக்கினால் கரண்ட் வரம்பில் தானே நிற்கும், ரிவர்ஸ் கொடுத்தால் கல்லைத் துப்பும். பெல்ட் வழுக்குமா வழுக்காதா என்ற கேள்வியே இல்லை. கியர்பாக்ஸ், வி.எஃப்.டி. இரண்டும் புதிதாகவே மலிவாக வருகின்றன.

கராஜ்_ப்ரூவர்

6 கிலோ மால்ட்டுக்கு வி.எஃப்.டி.யா! நான் மறுபடி சொல்கிறேன், விசிறி மெதுவாகச் சுற்றுவதால் டிரில் கருகும் என்பது அரை மணி நேரம் ஓட்டினால். நாலு நிமிடத்தில் கை வைக்கமுடியாத சூடு வருகிறது என்றால் இடைவெளி தப்பாக இருக்கிறது அல்லது டிரில் சின்னது. 600 சுற்று மாடலில் உள்ளேயே இரண்டு கட்ட கியர் இருக்கிறது, ஆர்மேச்சர் அதைவிடப் பல மடங்கு வேகத்தில்தான் ஓடும். ரிவர்ஸ் என் டிரில்லிலும் இருக்கிறது.

கோவை_ஃபிட்டர்

ஒரு விஷயம் கேட்கிறேன். சிக்கும்போது டிரில்லைப் பிடித்திருப்பது யார்? 850 வாட் டிரில் சட்டென்று நின்றால் அந்த விசை மணிக்கட்டுக்குத்தான் வரும். பக்கக் கைப்பிடியை மேசையில் ஒரு கட்டைக்கு முட்டுக் கொடுத்து வையுங்கள் என்றாவது சொல்லுங்கள். சிலர் டிரிக்கரை நைலான் டேக்கால் கட்டிவிட்டு இரண்டு கையாலும் மால்ட் கொட்டுகிறார்கள், அதைப் பார்க்கவே எனக்குப் பதறுகிறது. கட்டிவிட்டால் அவசரத்துக்கு நிறுத்த ஒரே வழி பிளக்கைப் பிடுங்குவதுதான். பிரஷ் மோட்டார் தீப்பொறி விடும், திறந்த காற்றுத்துளை வழியே மால்ட் தூசியை உள்ளே இழுக்கும். வீட்டு அளவில் தூசி தீப்பிடிக்கும் ஆபத்து குறைவுதான், ஆனால் உள்ளே படிந்த தூசி பிரஷ்ஷைத் தின்னும். முழுக்க மூடிய மோட்டாருக்கு இந்தத் தொல்லை இல்லை.

கராஜ்_ப்ரூவர்

முட்டுக்கட்டை சரி, நானும் வைத்திருக்கிறேன், டிரிக்கரைக் கட்டுவதை நானும் ஏற்கமாட்டேன். மற்றதில் மாற்றம் இல்லை.

மெல்பர்ன்_மால்ட்

எல்லோருக்கும் நன்றி. ஆளுக்கொரு எண் சொல்கிறீர்கள், என் மில்லுக்கு உண்மையில் எவ்வளவு வேண்டும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கோவை_ஃபிட்டர்

நல்ல கேள்வி, இதைத்தான் முதலில் செய்திருக்கவேண்டும். கைப்பிடியைக் கழற்றிவிட்டு தண்டில் ஒரு இரும்புப் பட்டையைப் பூட்டுங்கள், மையத்திலிருந்து 30 செ.மீ. தூரத்தில் ஓட்டை. ஊருக்குப் போகும்போது பெட்டி எடை பார்ப்போமே, அந்தக் கைத்தராசை ஓட்டையில் மாட்டி, பட்டைக்குச் செங்குத்தாக இழுங்கள். ரோலர் நிறைய மால்ட் இருக்கவேண்டும். சுற்றத் தொடங்கும்போது காட்டும் கிலோவை 9.81 ஆலும் 0.3 ஆலும் பெருக்குங்கள். பார்லிக்கு ஒன்று, கோதுமைக்கு ஒன்று, பல தடவை இழுத்து அதிகமாக வந்ததை எடுங்கள்.

மெல்பர்ன்_மால்ட்

பார்த்தேன். பார்லி மால்ட்டில் அதிகபட்சம் 4.5 கிலோ, அதாவது 13 நியூட்டன் மீட்டர். கோதுமை சின்ன மணி என்பதால் இடைவெளியை 0.8 க்குக் குறைத்துப் பார்த்தேன், 5.5 கிலோ, 16 வருகிறது.

டொரண்டோ_சிவம்

அப்படியென்றால் கால் கிலோவாட் பெல்ட் கணக்கு முடிந்தது. கோதுமை உடைக்க நினைப்பவர் 20 க்குக் கீழே வாங்கக்கூடாது. என் கியர் மோட்டாரே உங்களுக்கு மட்டுமட்டுதான், பெரியதாகப் பாருங்கள். வாங்கும்போது ஸ்டார்ட் கண்டென்சர் வகையா என்று கேளுங்கள், கியர் மோட்டார்களில் பல ஓடும் கண்டென்சர் வகை, அவை நிறைந்த ஹாப்பரோடு திணறும்.

த்ரீஃபேஸ்_குமரன்

விகிதம் 10, 140 சுற்று. கொஞ்சம் மெதுவாக உடையும், உமி இன்னும் நன்றாக முழுசாக நிற்கும். ஒன்று சொல்லிவிடுகிறேன், வி.எஃப்.டி.யின் லீக்கேஜ் கரண்டால் சில வீடுகளில் ஆர்.சி.டி. (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) அடிக்கடி டிரிப் ஆகும். அதற்காக ஆர்.சி.டி.யைக் கழற்றாதீர்கள், லீக்கேஜ் குறைந்த ஃபில்டர் உள்ள மாடல் வாங்குங்கள்.

கோவை_ஃபிட்டர்

ஆறு போல், 0.37, ஐந்து மடங்கு: 19. ஓடுவதற்கு 16 போதும், கிளம்பும்போது இரண்டு மடங்கு இருக்கிறது. நான் அதிலேயே நிற்கிறேன். ஹாப்பருக்கு அடியில் ஒரு தகட்டுக் கதவு வையுங்கள், மோட்டார் வேகம் பிடித்த பிறகு திறந்தால் எந்த மோட்டாராக இருந்தாலும் பாதிப் பிரச்சினை போய்விடும். நடுவில் நிறுத்துவதென்றாலும் முதலில் கதவை மூடி, ரோலர் காலியான பிறகு நிறுத்துங்கள். பெல்ட், புல்லி எல்லாம் தகரமோ பலகையோ அடித்து மூடவேண்டும், கப்ளிங்குக்கும் அதே. கரண்ட் போய்த் திரும்பி வந்தால் தானாக ஓடாத வகை சுவிட்ச் போடுங்கள். குழந்தைகள் இருக்கிற வீடு என்றால் இது கட்டாயம்.

இன்னொன்று, மில்லைக் காய்ச்சும் இடத்தில் வைக்காதீர்கள். மால்ட் உமியில் லாக்டோபாசிலஸ் நிறைய இருக்கும், தூசி பறந்து ஆறின வோர்ட்டில் விழுந்தால் பீர் புளிக்கும்.

மெல்பர்ன்_மால்ட்

கதவு இந்த வாரமே வெட்டிவிடுகிறேன், மில்லைக் கார் ஷெட்டுக்கு மாற்றுகிறேன். மோட்டாரில் பெல்ட் பக்கம்தான் சாய்கிறேன், காரணம் என் மில்லில் பால் பேரிங் இருக்கிறது, கல் சிக்கினால் சரிசெய்யும் செலவும் குறைவு. ஆறு போல் மோட்டார் பழையது ஒன்று பக்கத்துப் பட்டறையில் இருக்கிறதாம், ஆனால் நேம்பிளேட் அழிந்துபோயிருக்கிறது. ஸ்டார்ட் கண்டென்சர் வகையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கோவை_ஃபிட்டர்

சுமை இல்லாமல் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். வேகம் குறைந்து நிற்கப்போகும் நேரத்தில் உள்ளே டக் என்று ஒரு சத்தம் கேட்டால் சென்ட்ரிஃப்யூகல் சுவிட்ச் (வேகம் பிடித்ததும் ஸ்டார்ட் கண்டென்சரைக் கழற்றிவிடுவது) இருக்கிறது என்று அர்த்தம். அதோடு மேலே கண்டென்சர் டப்பாவும் இருந்து, அதில் மைக்ரோஃபாரட் நூறை ஒட்டியோ மேலேயோ போட்டிருந்தால் நீங்கள் தேடுவது அதுதான். பத்து இருபது என்று இருந்தால் ஓடும் கண்டென்சர். டப்பாவைத் தொடும் முன் பிளக்கை எடுத்துவிட்டு சார்ஜ் இறக்குங்கள்.

டொரண்டோ_சிவம்

இரண்டு கண்டென்சரும் சேர்ந்து இருக்கிற மோட்டாரும் உண்டு தம்பி, அது இன்னும் நல்லது. மாட்டிய பிறகு கோதுமையில் பெல்ட் வழுக்குகிறதா என்று கட்டாயம் எழுதுங்கள், எனக்கு அதில் இன்னும் சந்தேகம் தீரவில்லை.