சேமக்காலையில் ஊர் வரலாறு படிப்பிக்கலாமா?

சங்குவேலி எழுதியது:

வணக்கம். வரும் நவம்பரில் எங்கள் பத்தாம், பதினோராம் தரப் பிள்ளைகளை உடுவில், மானிப்பாய், வட்டுக்கோட்டைப் பக்கத்துத் தேவாலய வளவுகளுக்கும் சேமக்காலைகளுக்கும் (கிறிஸ்தவர்களின் இடுகாடுகளுக்கும்) கூட்டிக்கொண்டு போக யோசித்திருக்கிறேன். "பிள்ளைகளைச் சுடலைக்கா கொண்டுபோறியள்?" என்று சில பெற்றோர் கேட்டுவிட்டார்கள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

1816இல் அமெரிக்க மிசன் யாழ்ப்பாணம் வந்தது என்று பாடத்தில் ஒரு வரி வரும். பிள்ளைகள் அதைப் பாடமாக்கிவிட்டு மறந்துவிடுவார்கள். அந்த மிசனில் வந்த ஹரியற் வின்ஸ்லோ அமெரிக்காவில் கப்பல் ஏறியபோது அவருக்கு 23 வயது. 1824இல் உடுவிலில் பெண்கள் பள்ளியைத் தொடங்கினார். 1833இல் அங்கேயே 36 வயதில் இறந்தார். அவருடைய மகளின் பேரன்தான் 1950களில் அமெரிக்காவின் வெளிவிவகார அமைச்சராக இருந்த ஜோன் பொஸ்டர் டலஸ். எலைசா அக்னியூ 1840இல் வந்து, நாற்பது வருடமளவில் அதே பள்ளியில் படிப்பித்து, தாய்நாடு திரும்பாமலே 1883இல் மானிப்பாயில் இறந்தார். மிசனரி டானியல் பூவரை 1855இல் அதே மானிப்பாயில் வாந்திபேதி கொண்டுபோனது.

கல்லில் இருக்கும் பிறந்த வருடத்தையும் இறந்த வருடத்தையும் ஒரு பிள்ளை கழித்துப் பார்த்தால், அடுத்த கேள்வி தானாக வரும். ஏன் இத்தனை பேர் இளவயதில் போனார்கள்? அன்றைக்குக் கிணறு எப்படி இருந்தது, மருந்து என்ன இருந்தது? அந்தக் கேள்வியைப் பாடப்புத்தகம் கேட்க வைக்காது.

வண்ணை வடலி எழுதியது:

ரீச்சர், உங்கள் அக்கறையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நீங்கள் சொல்வது மிசன் வரலாறு, ஊர் வரலாறு அல்ல. இங்கே பெரும்பான்மையானவர்கள் சைவர்கள். உடலை எரிக்கிறோம், காடாத்துகிறோம், கீரிமலையில் சாம்பல் கரைக்கிறோம். 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியையோடு கண்ணால் பார்க்க ஒன்றும் மிஞ்சுவதில்லை. ஆறுமுக நாவலர் 1879இல் மறைந்தார். அவருக்குக் கல்லறை எங்கே? ஒவ்வொரு கார்த்திகை மகத்திலும் குருபூசை செய்கிறோமே, அதுதான் எங்கள் நினைவு முறை.

கல்லறை இருப்பவர்களை மட்டும் பார்த்துவிட்டு வரும் பிள்ளை, யாழ்ப்பாணத்தின் கல்வியையும் வைத்தியத்தையும் வெள்ளைக்காரர்தான் கொண்டுவந்தார்கள் என்று நினைக்கும். வெள்ளைக்காரரிலும் எல்லோரும் அகப்படமாட்டார்கள். மானிப்பாயில் இருந்துகொண்டு மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்த கிறீன் வைத்தியர் 1884இல் அமெரிக்காவின் வூஸ்ரரில் இறந்தார். தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்று தன் கல்லில் பொறிக்கச் சொன்ன மனிதர் அவர். அந்தக் கல்லைப் பார்க்கப் பிள்ளைகளை மசச்சூசெற்சுக்கா கூட்டிக்கொண்டு போவீர்கள்?

பாசையூரான் எழுதியது:

வடலி அண்ணை, சேமக்காலை என்றவுடன் உங்களுக்கு வெள்ளைக்காரர் மட்டும்தான் தெரிகிறார்களா? எங்கள் கரையில் சேமக்காலை நிறையக் கிடப்பது கடற்தொழிலாளிகள். இறந்தவர்களை நினைக்கும் நவம்பர் 2ஆம் திகதி பின்னேரம் வந்து பாருங்கள். சனம் புல் செருக்கி, வெள்ளை அடித்து, பூ வைத்து, மெழுகுதிரி கொளுத்தும். யார் யாருக்கு என்ன உறவு, யார் கடலில் போனவர், யார் போரில் செல் விழுந்து போனவர் என்று பெரியாட்கள் அந்த இடத்தில் நின்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்வார்கள்.

ஆனால் ரீச்சருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எங்களில் பலருக்குக் கல்லே கிடையாது. மரச்சிலுவை உக்கிப் போகும். சில வருடங்களில் அதே குழியைத் திறந்து அதே குடும்பத்தில் இன்னொருவரை வைப்பார்கள். நூறு வருடக் கல் நிற்கிறது என்றால் அங்கே பணம் இருந்தது என்று அர்த்தம். கல்லை மட்டும் வாசித்தால் பணக்காரர் வரலாறுதான் வரும்.

சங்குவேலி எழுதியது:

பாசையூர்த் தம்பி சொல்வதை அப்படியே பிள்ளைகளுக்குச் சொல்லலாம். கல் இல்லாத இடத்தில் ஏன் இல்லை என்று கேட்பதும் பாடம்தான்.

வடலி அண்ணைக்கு: மிசன் கல்லறைகளில் நம்மவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்க மிசனின் வட்டுக்கோட்டை செமினரியில் படித்த பிள்ளைகளுக்கு, படிப்புச் செலவைக் கொடுத்த அமெரிக்கர்களின் பெயரைச் சூட்டினார்கள். கரல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆணல்ட் சதாசிவம்பிள்ளை எல்லாம் அப்படி வந்த பெயர்கள். கரல் பிறகு சைவத்துக்கே திரும்பினார். ஒரு கல்லில் இப்படி ஒரு பெயரைக் கண்டால் யார் யாருக்குப் பணம் கொடுத்தது, எதை எதிர்பார்த்துக் கொடுத்தது, அதில் எவ்வளவு நிறைவேறியது என்று ஒரு வகுப்பு முழுக்கக் கதைக்கலாம். உங்கள் கேள்வியும் அதற்குள் வரும்.

இன்னொன்று, அவசரம். கோட்டைக்குள் ஒல்லாந்தர் 1706இல் கட்டிய சிலுவை வடிவத் தேவாலயம் 1990 சண்டையில் தரைமட்டமானது. உள்ளே பழைய கல்லறைக் கற்கள் இருந்தன. அவற்றில் என்ன எழுதியிருந்தது என்று இன்றைக்கு நமக்குத் தெரிவதற்குக் காரணம், பென்றி லூயிஸ் என்ற சிவில் அதிகாரி இலங்கை முழுக்க இருந்த கல்லறை வாசகங்களைத் திரட்டி 1913இல் அச்சிட்டதுதான். யாராவது ஒருவர் நேரத்துக்குப் பிரதி எடுக்க வேண்டும்.

வண்ணை வடலி எழுதியது:

அப்படியென்றால் கடதாசிதானே காப்பாற்றியது? அதைத்தான் நானும் சொல்ல வருகிறேன். எங்களிடம் கல்வெட்டு இருக்கிறது. அந்தியேட்டிக்கு அச்சடித்து வீடு வீடாகக் கொடுக்கும் அந்தச் சின்னப் புத்தகம் வெளியூர் வாசகர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். இறந்தவரின் படம், திதி வெண்பா, தேவாரம், பிறகு வாழ்க்கை வரலாறு, வம்ச வரிசை. எந்த ஊரில் பிறந்தார், எங்கே பெண் எடுத்தார், மலாயாவில் றெயில்வேயில் வேலை பார்த்தாரா, அநுராதபுரத்தில் கடை வைத்திருந்தாரா, எந்தக் கோயில் திருப்பணியில் நின்றார், பிள்ளைகள் எந்த எந்த நாட்டில், எல்லாம் இருக்கும். எந்தக் கல்லறையில் இவ்வளவு விபரம் எழுத முடியும்?

ஒவ்வொரு வீட்டு அலுமாரியிலும் பெட்டியிலும் இவை கிடக்கின்றன. கறையான் தின்கிறது. பிள்ளைகளை வெயிலில் கூட்டிக்கொண்டு திரிவதை விட்டுவிட்டு, ஆளுக்கொரு கல்வெட்டு வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரு வகுப்பில் ஒரு கிராமமே வந்துவிடும்.

சங்குவேலி எழுதியது:

கல்வெட்டு சேர்ப்பதை முழு மனதோடு ஏற்கிறேன். ஆனால் கடதாசியை மட்டும் நம்பச் சொல்லாதீர்கள். 1981 யூனில் பொது நூலகத்தில் 97,000 நூல்களளவில் எரிந்த ஊர் இது. இரண்டும் வேண்டும்.

கலைமதிப் பக்கம் எழுதியது:

இங்கே யாரும் வாய் திறக்காத ஒரு விடயம். "எங்கள் கல்வெட்டு" என்கிறீர்கள், வடலி ஐயா. யாருடைய கல்வெட்டு? அச்சடிக்கக் காசும், எழுதப் புலவரும், பெருமைப்படப் பரம்பரையும் இருந்தவர்களுடையது. என் அப்பப்பாவுக்கு ஒரு துண்டுக் கடதாசி இல்லை.

சுடலையும் அப்படித்தான். எத்தனை ஊர்களில் சாதிக்கு ஒரு சுடலை? பறை அடிக்க யார், கட்டை அடுக்க யார் என்று பிறப்பிலேயே விதித்த ஊர்களில் வளர்ந்தவர்கள் நாங்கள். புத்தூர் மேற்கில் குடிமனைகளுக்கு நடுவில் பிணம் எரிக்க வேண்டாம் என்று 2017இல் சனம் வீதியில் இருந்து போராடியது. சுற்றி யாருடைய வீடுகள் என்று பாருங்கள், அந்தச் சுடலை ஏன் அங்கேயே இருக்க வேண்டும் என்று சிலர் அடம்பிடித்தது விளங்கும். ரீச்சர், வரலாறு படிப்பிப்பதென்றால் அந்த வீதியிலும் பிள்ளைகளை நிறுத்துங்கள்.

வண்ணை வடலி எழுதியது:

நீங்கள் சொல்வது உண்மை, மறுக்க மாட்டேன். ஆனால் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைச் சொல்லப்போய், வகுப்பில் யார் எந்தச் சாதி என்று பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்க்கத் தொடங்கினால் யார் பொறுப்பு?

கலைமதிப் பக்கம் எழுதியது:

அவர்கள் இப்போதும் பார்க்கிறார்கள், ஐயா. எங்கள் பிள்ளைகளுக்கு அது தெரிந்தே இருக்கிறது.

அரியாலை மருமகள் எழுதியது:

நான் ஒரு பெண்ணாக எழுதுகிறேன். எங்கள் வீடுகளில் பிரேதம் படலையைத் தாண்டினால் பெண்கள் அதோடு நிற்க வேண்டும். என் அம்மாவுக்குத் தன் தகப்பனை எரித்த இடம் எப்படி இருக்கும் என்று தெரியாது. ஆகவே ரீச்சர் பெண் பிள்ளைகளைச் சேமக்காலைக்குக் கூட்டிப்போனால் நான் சந்தோசப்படுவேன். அங்கே பெண்கள் நின்று அழலாம், பெயரை வாசிக்கலாம்.

ஆனால் ஓர் இடத்துக்கு மட்டும் கூட்டிப்போக வேண்டாம் என்று கும்பிட்டுக் கேட்கிறேன். செம்மணியில் இருக்கும் எங்கள் சித்துப்பாத்தி மயானத்துக்கு. 2025 பெப்ரவரியில் தகனமேடை வேலைக்குத் தோண்டியபோது எலும்புகள் வந்தன. பிறகு நீதிமன்ற உத்தரவோடு தோண்டத் தோண்ட, அந்த வருடத்திலேயே 200க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள். ஒரு குழந்தைப் பொம்மை. ஒரு புத்தகப்பை. 1998இல் நீதிமன்றத்தில் ஒரு இராணுவச் சிப்பாய் செம்மணியில் நூற்றுக்கணக்கானோரைப் புதைத்ததாகச் சொன்னதும், 1999இல் பதினைந்து உடல்கள் எடுக்கப்பட்டதும் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பையின் சொந்தக்காரரைத் தேடும் தாய்மார் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அது இன்னும் வழக்கு. குறிப்பேடும் பேனையுமாகப் பள்ளிப் பிள்ளைகள் போய் நிற்கும் இடமாக அதை ஆக்காதீர்கள்.

சோனகத்தெரு எழுதியது:

அரியாலை அக்கா சொன்னதோடு நிற்கிறேன். எங்கள் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1990 ஒக்ரோபர் கடைசியில் முஸ்லிம்களான எங்களை வெளியேறச் சொன்னபோது வீட்டுத் திறப்பைக் கொண்டுபோனோம், எங்கள் அடக்கத்தலமான மையவாடியைக் கொண்டுபோக முடியவில்லை. எங்கள் கபுறுகளில் பெரும்பாலும் பெயர் இருக்காது. இது யாருடையது என்று கிழவர்கள் சொன்னால்தான் உண்டு. அந்தக் கிழவர்கள் புத்தளத்தில் மவுத்தாகிப் போனார்கள். திரும்பி வந்த எங்களுக்கு வாப்பும்மா எங்கே கிடக்கிறா என்று தெரியாது. பிள்ளைகள் வருவதென்றால் பள்ளிவாசலில் கேட்டுவிட்டு வரட்டும், நான் கதைக்கிறேன்.

வண்ணை வடலி எழுதியது:

இதையெல்லாம் கேட்டபின் என் பயம் கூடுகிறது, குறையவில்லை. அடுத்து யாராவது கோப்பாயைக் கேட்பார்கள். எரிக்கும் வழக்கமுள்ள வீடுகளின் பிள்ளைகளையும் விதைத்த மாவீரர் துயிலுமில்லம் அது. 2009க்குப் பிறகு கல்லறைகளை இடித்துத் தள்ளி, 2011இல் அதே நிலத்தில் படைத் தலைமையகம் திறந்தார்கள். மாவீரர் நாளான நவம்பர் 27இல் வீதியோரம் நின்று விளக்கேற்றுகிறது சனம். பிள்ளை கேட்டால் ரீச்சர் என்ன சொல்வீர்கள்? சொன்ன பிறகு உங்கள் வேலைக்கு என்ன நடக்கும்?

சங்குவேலி எழுதியது:

கேட்டால் நடந்ததைச் சொல்வேன். இருந்தது, இடிக்கப்பட்டது, இன்ன வருடம், இப்போது இன்னது நிற்கிறது. அதற்கு மேல் வீட்டில் கேட்கச் சொல்வேன். அந்த வீதியால் பள்ளிக்கூட பஸ் தினமும் போகிறது. நான் வாய் மூடினால் பிள்ளைக்கு அது தெரியாமல் போய்விடாது.

இதுவரை வந்த கருத்துகளை வைத்து நான் செய்யப்போவது இது. சித்துப்பாத்திக்குப் போகமாட்டோம். உடுவில், மானிப்பாய், வட்டுக்கோட்டைக்கும் பாசையூருக்கும் குருவானவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, பெற்றோர் சம்மதித்த பிள்ளைகள் மட்டும். மையவாடிக்குப் பள்ளிவாசல் சொன்னால். கல்லில் சோக், அசிட், கம்பித் தூரிகை எதுவும் படக்கூடாது. விடியப்புறம் சரிந்து விழும் வெயிலில் தேய்ந்த எழுத்தும் தெரியும், முகம் பார்க்கும் கண்ணாடியால் வெளிச்சத்தைத் திருப்பியும் வாசிக்கலாம். புதிய கல்லறைகளைப் படம் எடுக்க வேண்டாம். போவதற்கு முதல் வாரம் கல்வெட்டு வாரம். கல்வெட்டு இல்லாத வீட்டுப் பிள்ளை தாத்தா பாட்டியிடம் கேட்டுத் தானே ஒன்று எழுதி வரட்டும், அதையும் மற்றதோடு சேர்த்துக் கட்டுவோம்.

வண்ணை வடலி எழுதியது:

சேமக்காலைக்கு என் மகனை அனுப்புவதில் எனக்கு இன்னும் விருப்பமில்லை, படிவத்தில் கையெழுத்து வைக்கமாட்டேன். கல்வெட்டு வாரத்துக்கு நானே வருகிறேன். எங்கள் வீட்டில் ஐயாவின் காலத்திலிருந்து சேர்த்த ஒரு பெட்டி இருக்கிறது. 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்திலும் நினைவு மலர்கள் நிறைய ஏற்றியிருக்கிறார்கள், எங்களுடையதில் அங்கே இல்லாதவற்றைப் பிரித்து ஸ்கான் பண்ணிக் கொடுக்கலாம். பிள்ளைகள் எழுதி வருவதையும் அதோடு அனுப்புங்கள். கலைமதித் தம்பி, உங்கள் அப்பப்பாவைப் பற்றி நீங்கள் எழுதித் தந்தால் முதலில் அதைத் தட்டச்சு செய்கிறேன்.

கலைமதிப் பக்கம் எழுதியது:

எழுதித் தருகிறேன். அவர் எந்தச் சுடலையில் எரிந்தார், ஏன் அங்கே என்பதையும் எழுதுவேன். ஒரு சொல்லும் வெட்டாமல் தட்டச்சு செய்யவேண்டும்.