600 சிசி டூ-ஸ்ட்ரோக் ஸ்னோமொபைல் 7,200 ஆர்பிஎம்மைத் தாண்டவில்லை: பழுது பார்ப்பதா, வேறு நிறுவனத்துக்கு மாறுவதா?

சட்பரிவாசி

அனைவருக்கும் வணக்கம். கனடாவின் ஒன்ராறியோவில் சட்பரிக்கு வடக்கே வசிக்கிறேன். ஏழு குளிர்காலம் ஓடிய, இரண்டு சிலிண்டர் கொண்ட 600 சிசி டூ-ஸ்ட்ரோக் ஸ்னோமொபைல் (பனியில் ஓடும் வண்டி) ஒன்றைச் சென்ற ஆண்டு வாங்கினேன். தயாரித்த நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. குறை அவர்களுடையதா, பராமரிப்பினுடையதா என்பது தெரியாத நிலையில் பெயரைச் சொல்வது முறையல்ல.

சென்ற ஆண்டு உறைந்த ஏரியின் மீது திராட்டிலை முழுவதுமாக அழுத்தினால் எஞ்சின் 8,000 ஆர்பிஎம்மை (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற அளவு) ஒட்டி ஓடும். இப்போது 7,200-இல் தேங்கி நின்றுவிடுகிறது. பெற்றோல் கூடுதலாகச் செலவாகிறது. நின்றுகொண்டிருக்கும்போது வரும் புகையும் அதிகரித்துள்ளது. பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தேன். இடப்பக்கத்தது வெளிர் பழுப்பு நிறத்தில் இருந்தது. வலப்பக்கத்ததோ கறுத்து, எண்ணெய்ப் பிசுக்குடன் இருந்தது. புதிய பிளக்கும் புதிய பெல்ட்டும் போட்டும் பயன் இல்லை. எஞ்சினைத் திறக்க வேண்டும் என்கிறது ஒரு பட்டறை. இதை விற்றுவிட்டு ஃபோர்-ஸ்ட்ரோக் வாங்கு என்கிறார் நண்பர். திறன், புகை, உழைப்பு ஆகிய மூன்றிலும் எந்த நிறுவனத்தை நம்பலாம் என்பதையும் அறிய விரும்புகிறேன்.

பனிப்பட்டறை

எஞ்சினைத் திறக்கவும் வேண்டாம், வண்டியை விற்கவும் வேண்டாம். முதலில் எக்ஸாஸ்ட் வால்வுகளைக் கழற்றிப் பாருங்கள். ஸ்கீ-டூவில் ரேவ், போலாரிஸில் விஇஎஸ், ஆர்க்டிக் கேட்டில் ஏபிவி என்று பெயர்கள் வேறாக இருந்தாலும் வேலை ஒன்றுதான். சிலிண்டரிலிருந்து புகை வெளியேறும் வாயின் மேல்விளிம்பை, குறைந்த வேகத்தில் ஒரு தகடு கீழிறக்கி வைத்திருக்கும். வேகம் கூடும்போது அது மேலேறி வாயை முழுவதுமாகத் திறந்துவிடும். எரியாத எண்ணெய் கரியாகப் படிந்து அந்தத் தகடு கீழேயே சிக்கிக்கொண்டால், நீங்கள் சொல்வதைப் போலவே மேல்வேகத்தில் எஞ்சின் மூச்சுத் திணறும். ஒரு பிளக் மட்டும் கறுத்திருப்பதால், ஒரு பக்க வால்வு மட்டுமே சிக்கியிருக்கிறது என்று கருதுகிறேன்.

அதற்கு முன் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம், பார்த்துவிடுங்கள். எஞ்சின் சூடாக இருக்க வேண்டும். திராட்டிலை முழுதும் திறந்து வைத்து அளக்க வேண்டும். இரண்டு சிலிண்டர்களுக்கும் இடையில் 10 சதவீதத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால் மட்டுமே பிஸ்டன், ரிங் பற்றிக் கவலைப்படலாம். அளவுகள் ஒத்து வந்து, வால்வுகளும் சுத்தமாக இருந்தால், அடுத்து முன் கிளட்சின் ஸ்பிரிங்கைப் பாருங்கள். அது தளர்ந்துவிட்டால் கிளட்ச் உரிய நேரத்துக்கு முன்பே மேல் விகிதத்துக்கு (கார் உயர் கியருக்கு மாறுவதைப் போல) ஏறி ஆர்பிஎம்மை இழுத்து இறக்கிவிடும். எஞ்சின் பலவீனம் என்று என்னிடம் வரும் வண்டிகளில் பலவற்றுக்குக் கிளட்ச்தான் காரணம்.

ஹவ்டன் மாணவர்

புகையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். மாசு குறைந்த ஸ்னோமொபைலை மாணவர்கள் உருவாக்கும் போட்டி 2003 முதல் இங்கேதான் நடக்கிறது.

பழைய கார்புரேட்டர் டூ-ஸ்ட்ரோக்கில் பெற்றோலும் காற்றும் கலந்த நிலையிலேயே சிலிண்டருக்குள் நுழையும். அந்த நேரத்தில் வெளிவாயும் திறந்திருப்பதால் கலவையின் ஒரு பகுதி எரியாமலேயே தப்பிவிடும். ஊரில் பழைய டூ-ஸ்ட்ரோக் ஆட்டோவின் பின்னால் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு அந்த வாடை நினைவிருக்கும். பிஆர்பி நிறுவனத்தின் ஸ்கீ-டூ வண்டிகளுக்கான ரோட்டாக்ஸ் எஞ்சின்களில் 2009-ஆம் ஆண்டு மாடலில் வந்த ஈ-டெக், பெற்றோலை நேராக எரியறைக்குள் தெளிப்பதால், வெளிவாய் மூடிய பிறகு தெளிப்பதற்கு வழி கிடைத்தது. போலாரிஸும் ஆர்க்டிக் கேட்டும் எரியறைக்குள் தெளிக்காமல் சிலிண்டரின் பக்கவாட்டு வழிகளில் தெளித்துக் கசிவைக் குறைக்கின்றன. ஆனால் இந்த வேறுபாடு முக்கியமாகக் குறைந்த, நடுத்தர வேகங்களில்தான் தெரியும். 8,000 ஆர்பிஎம்மில் ஒரு சுற்றுக்குக் கிடைப்பது 7.5 மில்லிசெக்கண்டு மட்டுமே என்பதால், நேரடித் தெளிப்பும் வெளிவாய் மூடும் வரை காத்திருக்க முடியாது.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2002-இல் வெளியிட்ட விதி 2006 மாடல் முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் முதல் கட்ட வரம்பு: ஒரு கிலோவாட் மணிக்கு ஹைட்ரோகார்பன் (எரியாத எரிபொருள்) 100 கிராம், கார்பன் மோனாக்சைடு 275 கிராம். இது நிறுவனத்தின் மொத்த வண்டிகளுக்கும் சேர்த்த சராசரி என்பதை மறக்கக் கூடாது. ஆகவே ஒரு நிறுவனம் விதிக்குள் அடங்குகிறது என்பதால் உங்கள் மாடல் சுத்தமானது என்று பொருளாகாது. யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் நிபந்தனை இதைவிடக் கடுமையானது: ஹைட்ரோகார்பன் 15 கிராம், கார்பன் மோனாக்சைடு 90 கிராம். அங்கே பெரும்பாலும் ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டிகளே ஓடுவதற்கு இதுவே காரணம். எந்த அளவாக இருந்தாலும் அது பழுதில்லாத எஞ்சினில் எடுத்தது. வால்வு சிக்கிய எஞ்சினின் புகையை வைத்து நிறுவனங்களை ஒப்பிட முடியாது.

பழைய பாதை

நண்பர் சொல்லும் ஃபோர்-ஸ்ட்ரோக் பற்றி ஒரு வார்த்தை. 2003 மாடலாக யமஹா ஆர்எக்ஸ்-1 வந்தபோது நாங்கள் அனைவரும் வியந்தோம். எண்ணெய்ப் புகை இல்லை, நீண்ட பயணத்தில் பெற்றோல் மிச்சம், எஞ்சின் நெடுங்காலம் உழைக்கும். எடை மட்டுமே குறை. ஆழமான புதுப்பனியில் முன்பகுதி புதைந்துவிட்டால் தனியாளாகத் தூக்கி எடுப்பது பெரும்பாடு. நீங்கள் செப்பனிட்ட பாதையில் மட்டும் ஓட்டுபவர் என்றால் ஃபோர்-ஸ்ட்ரோக் நல்ல தேர்வு. மரங்களுக்கிடையே புகுபவர் என்றால் வேண்டாம்.

நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது எஞ்சினோடு உதிரிப்பாகத்தையும் எண்ணிப் பாருங்கள். யமஹா வட அமெரிக்காவில் 2025 மாடலுடன் ஸ்னோமொபைலை நிறுத்திக்கொண்டது. ஆர்க்டிக் கேட் 2025-இல் புதிய உரிமையாளர்களிடம் கைமாறியது. இதனால் அவர்களின் எஞ்சின்கள் தரம் குறைந்தவை ஆகிவிடவில்லை. ஆனால் எட்டு ஆண்டு கழித்து ஒரு சென்சார் தேவைப்பட்டால் அருகிலுள்ள கடையில் கிடைக்குமா என்பதை வாங்கும் முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

சட்பரிவாசி

விரிவாக எழுதிய மூவருக்கும் மிக்க நன்றி. சனிக்கிழமை வண்டிக் கொட்டிலில் உட்கார்ந்து பார்த்தேன். கம்ப்ரஷன் இடப்பக்கம் 126 பிஎஸ்ஐ, வலப்பக்கம் 122 பிஎஸ்ஐ, கவலைப்பட ஒன்றுமில்லை. இடப்பக்க வால்வு கையால் இழுத்தவுடன் வந்துவிட்டது. வலப்பக்கத்தது அசையவே இல்லை. கரி கரைக்கும் திரவத்தைத் தெளித்து ஒரு மணி நேரம் ஊறவிட்டு, மெல்ல ஆட்டி எடுத்தேன். தகட்டின் இரு ஓரங்களிலும், அடிப்பிடித்த பானையின் அடியைப் போல, கரி கெட்டியாகப் படிந்திருந்தது. உலோகத்தில் கீறல் விழாதபடி மரச்சீவலால் சுரண்டி, துணியால் துடைத்து, புதிய கேஸ்கெட்டுடன் மாட்டினேன்.

ஞாயிறு காலை அதே ஏரியில் 7,950 ஆர்பிஎம் வந்தது. முதல் சில நிமிடங்கள் புகை அடர்த்தியாக இருந்து, பிறகு குறைந்துவிட்டது. விற்கும் எண்ணத்தைக் கைவிட்டேன். இன்னொரு சந்தேகம்: முந்தைய உரிமையாளர் விலை குறைந்த எண்ணெயை ஊற்றியதால் இப்படிக் கரி படிந்திருக்குமா?

பனிப்பட்டறை

எண்ணெயும் ஒரு காரணமாக இருக்கலாம். உங்கள் எஞ்சினுக்கென்று கையேட்டில் குறிப்பிட்டுள்ள தரத்தையே ஊற்றுங்கள். பம்ப் ஊட்டும் அளவு சரியாக இருக்கிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நீண்ட நேரம் நிறுத்தி வைத்து எஞ்சினை ஓடவிடும் பழக்கத்தாலும் இப்படிப் படியும். ஒவ்வொரு குளிர்காலத்துக்கு முன்பும் இரண்டு வால்வுகளையும் கழற்றிப் பாருங்கள். பழகிவிட்டால் அரை மணி நேர வேலை. இன்னும் 50 ஆர்பிஎம் குறைகிறதே என்று கிளட்சில் கை வைக்க வேண்டாம். புதிய பெல்ட் சற்றுப் பழகட்டும்.