ஸ்க்ராப் பிவிசி: மீட்டர் 185 காட்டுது, பைப் ஏன் கருகுது?

புதுக்கை:
வணக்கம். பழைய பைப் ஸ்க்ராப்பை அரைத்து மறுபடி பைப்பாக இழுக்கிறேன். எக்ஸ்ட்ரூடர் (பிளாஸ்டிக்கை உருக்கிப் பைப்பாகத் தள்ளும் மெஷின்) பழசு, ஹீட்டரும் சென்சரும் புதுசு. 185 டிகிரி வைத்தால் முதல் மூன்று மணி நேரம் நல்ல கிரீம் நிறம். அப்புறம் பைப்பின் ஒரு பக்கத்தில் பழுப்புக் கோடு விழுது, மூக்கை எரிக்கிற நெடி வேற. போகப்போக முழுப் பைப்பும் மங்குது. 170க்கு இறக்கினால் கோடு போகலை, பைப் தட்டினாலே உடையுது. என்ன செய்ய?

வெள்ளைக்குழாய்:
160 வச்சு ஓட்டுங்க. சூடு குறைஞ்சா கருகாது.

கிழட்டு ஸ்க்ரூ:
160ல பிவிசி வெளியே வரும், பைப்பா வராது. துகள் ஒண்ணோட ஒண்ணு பிணையாம அமுக்கி வச்ச மணல் மாதிரி நிக்கும். தம்பி 170ல பார்த்ததே அதுதான்.

தம்பி, முதல்ல ஒண்ணு கேளுங்க. மீட்டர்ல தெரியறது பேரலோட (ஸ்க்ரூ சுத்துற இரும்புக் குழல்) சூடு, உள்ளே இருக்கிற சரக்கோட சூடு இல்லை. ஸ்க்ரூ சுத்துற உராய்வுலயே சரக்கு சூடேறும். வேகத்தைக் கூட்டினா ஹீட்டர் தானா அணைஞ்சு கிடக்கும், உள்ளே 200ஐத் தாண்டியிருக்கும். நானும் ஒரு காலத்துல மீட்டரையே முறைச்சுப் பார்த்துட்டு, ஸ்க்ரூ வேகத்தைப் பத்தி யோசிக்காம ஒரு ஷிஃப்ட் சரக்கு முழுக்கக் கருக்கியிருக்கேன். வேகத்தைக் குறைச்சுப் பாருங்க. லூப்ரிகன்ட் (உராய்வைக் குறைக்கிற சேர்மானம்) கொஞ்சம் சேருங்க, பழைய சரக்குல இருந்தது போதாம இருக்கலாம். கிரைண்டர் பிளேடையும் தொட்டுப் பாருங்க (நிறுத்தி, மெயினை அணைச்சிட்டு!). மழுங்கின பிளேடு வெட்டாது, தேய்க்கும். அரைக்கும்போதே ஒரு சூடு பட்டுடும்.

இப்போ கோடு. அது எப்பவும் ஒரே இடத்துல விழுதா? அப்படின்னா சரக்கு மேல பழி போடாதீங்க. அடாப்டர்லயோ (பேரலையும் டையையும் இணைக்கிற துண்டு) டைக்குள்ளயோ (பைப்புக்கு வடிவம் கொடுக்கிற அச்சு) ஒரு மூலையில சரக்கு ஒட்டிக் கிடக்கு. நகர்ற சரக்கு சில நிமிஷத்துல வெளியேறிடும், ஒட்டினது மணிக்கணக்கா வேகும். மூணு மணி நேரம் நல்லா ஓடி அப்புறம் கோடு வர்றதுக்கு எனக்குத் தெரிஞ்ச காரணம் இதுதான். கண்ட இடத்துல கரும்புள்ளி விழுந்தா அது வேற கதை, பெட் பாட்டில் கலந்திருக்கான்னு பாருங்க. ரெண்டோட அடர்த்தியும் ஏறக்குறைய ஒண்ணு, தண்ணித் தொட்டியில ரெண்டும் மூழ்கும், அப்படிப் பிரிக்க முடியாது. பெட் உருக 250 வேணும், உங்க பேரல்ல அது உருகாம அப்படியே வரும்.

நிறுத்தும்போது பேரல்ல பிவிசியை விட்டுட்டுப் போகாதீங்க. ஹீட்டரை அணைச்சாலும் இரும்பு ஆற நேரமாகும், அதுக்குள்ள கருகிடும். பாலிஎத்திலீன் விட்டுத் தள்ளிட்டு நிறுத்துங்க. அசிட்டால்ங்கிற பிளாஸ்டிக் மட்டும் பக்கத்துலயே வரக்கூடாது. அதுவும் பிவிசியும் சூட்டுல சேர்ந்தா பேரலே வெடிக்கிற அளவுக்கு வாயு கிளம்பும்.

நெடியைச் சாதாரணமா எடுக்காதீங்க. டைக்கு மேல மாட்டியிருந்த என் ஸ்பானர் எல்லாம் ஒரே வருஷத்துல துரு. நுரையீரல் அதை விடவா கெட்டி? வாயுவை இழுக்கிற ஃபேன் வைங்க.

ஆய்வக மேசை:
அண்ணன் சொன்ன நெடி ஹைட்ரஜன் குளோரைடு. பிவிசி எடையில் ஏறக்குறைய 57 சதவீதம் குளோரின். சூட்டில் அது ஹைட்ரஜனோடு சேர்ந்து கழல்கிறது. கழன்ற இடத்தில் இரட்டைப் பிணைப்பு. இப்படி அடுத்தடுத்து ஏழெட்டு சேர்ந்துவிட்டால் கண்ணுக்கு மஞ்சள் தெரியும், நீள நீள பழுப்பு, பிறகு கருப்பு. வெளியேறிய அமிலமே அடுத்த கழலலைத் தூண்டும் என்பதால் தொடங்கியபின் வேகம் கூடிக்கொண்டே போகும்.

அந்த அமிலத்தைப் பிடிப்பது ஸ்டெபிலைசர். ஒவ்வொரு சூட்டிலும் அது கொஞ்சம் செலவாகிறது. உங்கள் ஸ்க்ராப் ஏற்கெனவே ஒருமுறை பைப்பானது, பாதிக் கையிருப்போடு வந்திருக்கலாம். முழுப் பைப்பும் மங்குவதற்கு இதுதான் காரணமாக இருக்கும். புதிதாகச் சேர்த்தால் மிச்சத்தைக் காக்கும், பழுத்துவிட்ட நிறத்தைப் பெரும்பாலும் மீட்காது. பழைய பைப்பில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. அதனால் கந்தகமுள்ள டின் (வெள்ளீய) வகை ஸ்டெபிலைசரைச் சேர்க்காதீர்கள், ஈய சல்ஃபைடு உண்டாகிக் கறுக்கும். அரைக்கும் தூசியையும் மூச்சில் விடாதீர்கள், அந்தப் பைப்பைக் குடிநீருக்கும் கொடுக்காதீர்கள்.

சோதிக்க எளிய வழி: ஒரே அளவுத் துண்டுகளை 190 டிகிரி ஓவனில் (சூட்டடுப்பில்) வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒன்றாக வெளியே எடுத்து வரிசையாக ஒட்டுங்கள். ஒவ்வொரு லாட்டுக்கும் (ஒரு தடவை வந்த சரக்கு) இப்படி ஓர் அட்டை. எந்த லாட் சீக்கிரம் பழுக்கிறது என்று கண்ணாலேயே தெரியும்.

புதுக்கை:
அண்ணே, டையைக் கழற்றினேன். அடாப்டர் இணைப்பில் கட்டைவிரல் நகம் அளவுக்குக் கரி, பக்கத்தில் இரும்பு அரித்த பள்ளம். பள்ளத்தைத் தேய்த்துப் பாலிஷ் பண்ணி, 178ல் வேகத்தைக் குறைத்து ஓட்டினேன். கோடு போயிடுச்சு, பைப்பும் உடையலை. ஓவன் அட்டையும் போட்டேன்: ஒரு லாட் இருபதாவது நிமிடமே பழுப்பு, இன்னொன்று ஐம்பது வரை தாங்குது. ரெண்டையும் இதுவரை ஒரே மூட்டையில்தான் கொட்டிட்டு இருந்தேன்.

கிழட்டு ஸ்க்ரூ:
பள்ளம் திரும்ப அரிக்கும் தம்பி. அந்த அடாப்டருக்கு குரோம் பூசிடுங்க.