அப்பாவின் புற்றுநோயால் நின்ற கலியாணம்: உங்கள் வீட்டு அனுபவம் என்ன?

வெள்ளவத்தைக்காரன்:
தங்கச்சிக்கு வந்த சம்பந்தம், சாதகம் பொருந்திச் சீதனப் பேச்சும் முடிந்த பிறகு நின்றுபோனது. காரணம் அப்பா. 40 வருடம் சிகரெட் பிடித்தவர், சுவாசப்பைப் புற்றுநோயில் போனார். "பரம்பரையில ஓடுற வருத்தமாம் தம்பி" என்றார் தரகர். காலி வீதியில் பஸ்சுக்கு நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தேன். என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.

பிறகு அப்பாவைப் பார்த்த டொக்டரிடமே போனேன். சிகரெட் புகை சுவாசப்பைக் கலத்தில் உண்டாக்கிய விகாரம், அதாவது பரம்பரையலகில் விழுந்த மாற்றம், அந்தக் கலத்திலும் அது பிரிந்து பெருகும் கலங்களிலும்தான் இருக்குமாம். பிள்ளைக்குப் போவது சூலிலும் விந்திலும் இருப்பது மட்டும். "குடும்பப் போக்கு கொஞ்சம் இருக்கலாம். ஆனா அது அவர் பிறக்கேக்கயே கொண்டு வந்தது, சிகரெட் குடுத்ததில்ல" என்றார். எழும்பப் போகும்போது இன்னொன்று கேட்டார்: "அவர் வீட்டுக்குள்ளயா பிடிச்சவர்?" ஓம் என்றேன். "அப்ப உங்களுக்கு வந்தது புகைதான். அதைப் பற்றி யோசியுங்கோ."

கொட்டாஞ்சேனை அக்கா:
எங்கள் வீட்டில் இது தலைகீழ். பெரியம்மாவுக்கு 42 வயதில் மார்பகப் புற்றுநோய், பிறகு அவவின் மகளுக்குச் சூலகத்தில். கண்ணூறு என்று கழித்துக்கொண்டிருந்தோம். சோதித்தபோது பிஆர்சிஏ1 என்ற பரம்பரையலகில் விகாரம். இது பிறக்கும்போதே எல்லாக் கலத்திலும் இருப்பது. ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 சதவீத வாய்ப்பு. அம்மாவுக்கும் இருந்தது. பெண்களுக்கு வரும் வருத்தம்தானே என்று அண்ணாவை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை. ஆண்களும் அந்த விகாரத்தைக் காவிப் பிள்ளைக்குக் கொடுக்கலாம் என்று தெரிந்தபோது அவருக்கு இரண்டு மகள்கள்.

ரியூஷன் மாஸ்டர்:
உயர்தர உயிரியல் படிப்பிக்கிறேன். வைஸ்மன் என்ற ஜேர்மன் உயிரியலாளர் ஐந்து தலைமுறை எலிகளின் வாலை வெட்டியும், பிறந்த 901 குட்டிகளில் ஒன்றுகூடக் கட்டை வாலோடு பிறக்கவில்லை என்று சொல்லி (வால் வெட்டுவது விகாரமல்ல, அது வேறு கதை), "உடற்கல (சூல், விந்து அல்லாத கலங்களின்) விகாரம் உடலோடு போகும்" என்று பலகையில் பெரிதாக எழுதினேன். அடுத்த கிழமை ஒரு பெடியன் குரோட்டன் கிளையோடு வந்தான். பச்சைச் செடியில் அந்த ஒரு கிளை மட்டும் மஞ்சள் திட்டு. "சேர், இது பூத்தா?"

நன்றாக மாட்டிக்கொண்டேன். மிருகங்களில் சூல், விந்துக் கலங்களுக்கான வழி முளையத்திலேயே ஒதுங்கிவிடும். செடியில் அப்படி இல்லை. இலை விடுகிற அதே தளிர் நுனிதான் பிறகு பூவையும் விடுகிறது. அந்த நுனியில் விழுந்த விகாரம் சில வேளை விதைக்கும் போகலாம். பலகையில் "மிருகங்களில்" என்று ஒரு சொல்லைச் சேர்த்தேன். பெடியனுக்கு விதைவரை பொறுமை இல்லை, கிளையை வெட்டிப் பல்கனியில் நட்டுவிட்டான். மஞ்சளாகவே துளிர்க்கிறதாம்.

வெள்ளவத்தைக்காரன்:
மாஸ்டர், அந்த எலிக்கதையைத் தரகருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீலக் குறி விழுந்துவிட்டது. பதில் இல்லை.